தெரியாவிட்டால் ஐந்து

ஊத்தங்கரைப் பக்கம் யானை கிடையாது. நான் சின்ன வயதில் பார்த்த யானை திருவிழாவுக்கு லாரியில் வந்து இறங்கும், வாழைப்பழம் வாங்கிக்கொள்ளும், தலையில் தும்பிக்கையை வைத்துவிட்டுத் திரும்ப லாரியில் ஏறிப் போய்விடும். அதனால், ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்த மூன்றாம் மாதம், யானைக்கு ஏதாவது ஒரு வழி பண்ணுங்கள் என்று மேலாளர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

ராகி அறுப்புக் காலத்தில் கர்நாடகக் காட்டுப் பக்கமிருந்து யானைகள் இந்தப் பக்கம் வரும். பகலில் ஏரிக்கரையிலோ தைலமரத் தோப்பிலோ நின்றுகொள்ளும். எங்கள் கம்பெனி பஸ்கள் காலை ஏழு மணி வாக்கில் தளி பக்கத்துக் கிராமங்களுக்குள் போய்ப் பெண்களை ஏற்றி வரும். ஒரு நாள் ஒரு டிரைவர், எதிரே நின்ற மூன்று யானைகளுக்கு மரியாதை கொடுத்து, குறுகலான மண்சாலையில் ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே பஸ்ஸை ஓட்டி வந்தார். வந்ததும் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, இனிமேல் நிலவரம் தெரியாமல் நான் போகமாட்டேன் என்றார். அந்தச் சாவி மேஜையிலிருந்து நேராக என் தலைக்கு வந்தது.

ஏன் என் தலைக்கு என்றால், அந்தப் பிரிவில் கணிதம் படித்தவள் நான் ஒருத்திதான். வெறும் கணிதம் அல்ல, தர்க்கம். கிருஷ்ணகிரியில் தங்கி நான்கு வருடம் முனைவர் பட்ட ஆய்வு செய்து பாதியில் விட்டவள். கல்யாணம், குழந்தை, வழிகாட்டியின் ஓய்வு மூன்றும் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தன. ஆய்வேடு ஒரு பெட்டிக்குள் போய், பெட்டி பரண்மேல் ஏறியது. வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒருமுறை பரணைச் சுத்தம் செய்யும்போது இதை எடைக்குப் போடலாமா என்று கேட்பார். நான் முறைப்பேன். பெட்டி மறுபடி மேலே போகும்.

அந்த ஆய்வு எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். நமக்கு நிச்சயமில்லாத விஷயங்களைப் பற்றி யோசிக்க இரண்டு தர்க்கங்கள் இருக்கின்றன. ஒன்று ஃபஸ்ஸி லாஜிக். அது ‘எவ்வளவு’ என்று கேட்கும். தண்ணீர் எவ்வளவு சூடு, சாலை எவ்வளவு ஈரம், யானை எவ்வளவு பக்கம். ஆம், இல்லை என்ற இரண்டு பதிலோடு நிற்காமல் நடுவில் இருக்கும் எல்லா அளவுக்கும் இடம் கொடுக்கும். இன்னொன்று மோடல் லாஜிக். அது ‘இருக்கக்கூடுமா, இருந்தே தீருமா’ என்று கேட்கும். அதற்கு அளவைப் பற்றிக் கவலை இல்லை, நம் அறியாமையைப் பற்றித்தான் கவலை. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் எப்படிக் குடிவைப்பது என்பதுதான் என் நான்கு வருடம். கேட்டவர்கள் இந்த இடம் வருவதற்குள் டீக்கடைக்குப் போயிருப்பார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு என் படிப்பு எதற்கும் உதவும் என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் யானை விஷயம் வந்ததும் கொஞ்சம் தலைகால் புரியாமல் ஆடிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு ஷீட் தயாரித்தேன். எட்டுக் கிராமங்கள், ஒவ்வொன்றிலும் பஸ் ஏறும் பெண்களில் ஒருவர். அவர் காலை ஆறரைக்குள் கைபேசிக் குழுவில் ஓர் எண்ணைப் போட வேண்டும். யானை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை என்றால் பூஜ்யம். பஸ் நிற்கும் இடத்திலேயே நிற்கிறது என்றால் பத்து. நடுவில் இருந்தால் நடுவில் ஓர் எண். மூன்று வரை பச்சை, ஆறு வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு.

பச்சை என்றால் பஸ் ஊருக்குள் போகும். சிவப்பு என்றால் போகாது, அன்று வராதவர்களுக்கும் வருகை போடப்படும். மஞ்சள் என்றால் பஸ் தார்ச்சாலையிலேயே நின்றுகொள்ளும், பெண்கள் நடந்து வந்து ஏறிக்கொள்ள வேண்டும். மஞ்சளுக்கான விதியை எழுதியவர் மேலாளர். பஸ்ஸுக்கு ஆபத்து என்றால் நடப்பவர்களுக்கு மட்டும் இல்லையா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஷீட் அழகாக நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டுப் பேரையும் ஒரு நாள் மதியம் கேன்டீனில் உட்காரவைத்து, டீயும் பன்னும் கொடுத்து விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார், இருக்குதா இல்லையான்னே தெரியலைன்னா என்ன போடறது என்று. நான் புரொஜக்டரை அணைத்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: “தெரியலைன்னா அஞ்சு போட்டுடுங்க.”

ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. மேலாளர் மாதக் கூட்டத்தில் என் ஷீட்டைத் திரையில் காட்டினார். பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கேட்டு அனுப்பினார்கள். வீட்டில் நான் இந்தச் செய்தியை நாலு தரம் சொல்லியிருப்பேன். நாலாவது தரம் என் மகளே எழுந்து போய்விட்டாள்.

கேன்டீனில் அந்தக் கேள்வியைக் கேட்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான் இருக்கும். கடைசி நிறுத்தத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் ஒரே அமைதியான குரல். கார்களுக்கான வயர்களைக் கட்டுக் கட்டாகப் பின்னும் பிரிவில் வேலை. விரல்தான் அங்கே எல்லாம். கான்ட்ராக்டில் வருடக்கணக்காக இருந்தவர், பொங்கலுக்குப் பிறகு நிரந்தரம் ஆக்கப்படும் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. அவர் அனுப்பும் எண்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு, எட்டு, ஒன்று என்று தெளிவாக வரும். பக்கத்து நிறுத்தத்துக்காரர் மாதிரி எல்லா நாளும் நாலு போட்டுத் தப்பிக்க மாட்டார்.

மார்கழியில் ஒரு நாள் நல்ல மூடுபனி. ஓசூரில் பனி என்றால் எதிரே வரும் ஆளின் பல் தெரிந்த பிறகுதான் ஆள் வருவதே தெரியும். ஆறு இருபதுக்கு அவரிடமிருந்து ஐந்து வந்தது. அவர் ஐந்து போடுவது அதுதான் முதல் தடவை. நான் கவனித்தேன், ஆனால் நிற்கவில்லை. ஷீட் மஞ்சள் காட்டியது. பஸ் தார்ச்சாலையில் நிற்கும் என்று தகவல் போட்டேன்.

நடந்தது என்னவென்று பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு வரும் வழி தைலமரத் தோப்பை ஒட்டிப் போகிறது. அவர் வீட்டு வாசலில் நின்றபோது தோப்புக்குள் கிளை முறியும் சத்தம் கேட்டிருக்கிறது. விறகுக்கு வந்தவர்களாகவும் இருக்கலாம், யானையாகவும் இருக்கலாம். பனியில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் ஐந்து. ஐந்து என்பதால் மஞ்சள். மஞ்சள் என்பதால் ஆறு பெண்கள் அந்தத் தோப்பை ஒட்டியே நடந்தார்கள். நிலவரம் சொன்னவர் தான் என்பதால் அவர் முன்னால் நடந்தார்.

யானை தோப்பின் ஓரத்திலேயே நின்றது. ஒற்றை யானை. பத்தடி தூரத்தில் பனியின் ஒரு பகுதி அசைந்தது என்று பின்னால் வந்த பெண் சொன்னார். எல்லோரும் ஊரைப் பார்த்து ஓடினார்கள். முன்னால் போனவர்தான் கடைசியாக ஓட வேண்டியிருந்தது. சிறு பாலத்தின் கட்டையில் கால் தடுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். யானை யாரையும் துரத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டது. மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

அன்று மதியமே விசாரணைப் படிவம் என் மேஜைக்கு வந்தது. அதில் மூல காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். மேலாளர் ஏற்கெனவே நிரப்பியிருந்தார்: நிலவரம் தெரிவித்தவரின் தவறான மதிப்பீடு. யானை பத்தடியில் இருந்திருக்கிறது, அந்தம்மா ஐந்து போட்டிருக்கிறார், பத்தோ ஒன்பதோ போட்டிருந்தால் பஸ்ஸும் போயிருக்காது, யாரும் நடந்திருக்கவும் மாட்டார்கள் என்றார். கேட்க ஒழுங்காக இருந்தது. ஷீட்டைத் தயாரித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் ஷீட்டில் குறை இல்லை என்று ஒரு காகிதம் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் உண்மை.

அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று இரண்டு நாளில் தெரிந்தது. அவருடைய தவறு என்று ஆனதால், அது வேலை நேர விபத்தாகக் கணக்கில் வராது. நிரந்தரப் பட்டியலில் அவர் பெயரை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்கள். கை சரியாகும்வரை கான்ட்ராக்டும் இல்லை, சரியானாலும் மறுபடி எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். அந்தத் தோப்பு வழியாகத்தான் நடந்தேன். நல்ல வெயில். இருந்தாலும் ஒவ்வொரு இலைச் சத்தத்துக்கும் நின்றேன். வெறும் அரைக் கிலோமீட்டர். என் ஷீட்டில் அது ஒரு விரற்கடை அகலமுள்ள கட்டம்.

அவர் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, தெலுங்கில் அவரிடம் ஏதோ சொல்லி, மாட்டை அவிழ்க்கப் போனார். நான் கை எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிளம்புகிற நேரத்தில், ஏன் அன்றைக்கு மட்டும் ஐந்து போட்டீர்கள் என்று கேட்டேன். குற்றம் சொல்லக் கேட்கவில்லை, ஆனால் அப்படித்தான் ஒலித்தது.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“தெரியலைன்னா அஞ்சு போடுன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்,” என்றார். “இருந்தா பத்து, இல்லைன்னா ஒண்ணுமில்ல. அஞ்சுல நிக்கற யானை அங்க ஏதுங்க?”

காபி ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் ஒரு வழியாக எடைக்குப் போடப்போகிறேன் என்று நினைத்துச் சந்தோஷமாக இறக்கினார். நான் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் அதிகாரத்திலேயே இருந்தது, என் கையெழுத்தில், ஓரத்தில் வழிகாட்டியின் சிவப்பு மைக் கோட்டோடு.

நமக்கு எது உண்மை என்று தெரியாதபோது, உண்மையாக இருக்கக்கூடிய எல்லா உலகங்களையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். எங்கள் கணக்கில் ஒவ்வோர் உலகத்தையும் ஒரு காலைப்பொழுது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காலைக்குள்ளும் தனியாக அளவு எடுக்க வேண்டும். அவற்றில் மிகப் பெரிய அளவு எதுவோ, அதுவரை இருக்கக்கூடும். மிகச் சிறிய அளவு எதுவோ, அதுவரை மட்டும்தான் நிச்சயம். இப்படி வைத்தால் இரண்டு தர்க்கமும் சண்டை இல்லாமல் ஒரே வீட்டில் இருக்கும். அளவு காலைக்குள்ளே இருக்கும், அறியாமை காலைகளுக்கு நடுவே இருக்கும். இரண்டையும் ஒருபோதும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்கக்கூடாது என்பதற்கு அடியில்தான் சிவப்புக் கோடு.

யானை பாதித் தூரத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்தவர் ஐந்து போட்டால், எந்தக் காலையை எடுத்தாலும் ஐந்துதான். மேலேயும் ஐந்து, கீழேயும் ஐந்து. தோப்பில் சத்தம் கேட்டு நின்றவருக்கு இரண்டு காலைகள். ஒன்றில் யானை பக்கத்திலேயே நிற்கிறது, அது பத்து. இன்னொன்றில் யானையே இல்லை, அது பூஜ்யம். மேலே பத்து, கீழே பூஜ்யம். நான் என்ன செய்தேன் என்றால், கேன்டீனில் வயரைச் சுற்றிக்கொண்டே இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஐந்து என்று சொல்லிக்கொடுத்தேன். அப்படி ஒரு சராசரிக் காலை அந்த ஊரில் விடியவே இல்லை. படிக்காதவர் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போகாதீர்கள் என்று சொல்லியிருப்பார். தெரியாது என்பதற்கும் ஓர் எண் கொடுத்து ஷீட்டை நிரப்ப வேண்டும் என்ற அரிப்பு என்னைப் போன்ற ஆளுக்குத்தான் வரும்.

திங்கட்கிழமை காலை ஒரு கடிதம் எழுதி மேலாளர் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, படிவம் முடிந்து மேலே போய்விட்டது என்றார். திரும்ப வாங்குங்கள் என்றேன். மூல காரணத்தில் உங்கள் பெயர் வரும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். வரட்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பாதி நிச்சயம், பாதித் தூரம் இரண்டும் பாதிதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. உலகங்களைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அவருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

“சார், பாதி பழுத்த செங்காயைப் பறிச்சு வெச்சா நாலு நாள்ல பழுத்துடும்,” என்றேன். “உள்ள வண்டு இருக்குமோன்னு சந்தேகப்படற பழத்தை வெச்சா? அது அரை வண்டா சார்?”

அவர், வண்டு இருந்தால் முழு வண்டுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, சந்தேகம் வந்தால் நாங்கள் அந்தப் பழத்தைக் கூடையிலேயே போடமாட்டோம் என்றார். அவர் என் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். திரும்பி வர மதியம் ஆகிவிட்டது.

படிவம் திருத்தப்பட்டது. விபத்து வேலை நேர விபத்தாக ஏற்கப்பட்டது. அவருக்குக் கை சரியானதும் வேலை உண்டு என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். நிரந்தரப் பட்டியல் மட்டும் அதற்குள் மூடிவிட்டது. அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வும் அந்த வருடம் வரவில்லை. வருத்தம் இல்லை என்று பூசி மெழுக மாட்டேன், இருந்தது. ஆனால் அந்தக் கையெழுத்தோடு இருந்த சில நாளுக்கு இது எவ்வளவோ மேல்.

ஷீட்டை மாற்றினேன். இப்போது முதலில் ஒரு கேள்வி: இருக்கிறதா? இருக்கிறது, இல்லை, தெரியாது என்று மூன்று பதில். அதன் பிறகுதான் எவ்வளவு பக்கம், அல்லது இருந்தால் எவ்வளவு பக்கம் இருக்கக்கூடும். தெரியாது என்று வந்தால், இருக்கக்கூடிய காலைகளில் மோசமானதையே ஷீட் எடுத்துக்கொள்ளும். மஞ்சளை ஒழித்துவிட்டேன். பஸ் போக முடியாத இடத்தில் யாரும் நடக்கவும் வேண்டாம்.

மாவுக்கட்டைப் பிரித்து அவர் வேலைக்கு வந்தது மாசித் தொடக்கத்தில். மணிக்கட்டு கொஞ்சம் விறைப்பு, ஆனால் விரல்கள் ஓடின. அவரே மறுபடி நிலவரம் அனுப்பட்டும் என்று அந்தக் கிராமத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். எனக்குள் ஒரு பயம் இருந்தது. அடுத்த பட்டியலுக்கு அவர் பெயர் போக வேண்டும். அவர் தெரியாது என்று போடும் ஒவ்வொரு நாளும் பஸ் போகாது, ஆறு பேர் வரமாட்டார்கள், வயர் பிரிவில் ஒரு வரிசை நிற்கும். ஐந்து போட்டதற்கே இவ்வளவு பட்டவர். யாராக இருந்தாலும் இனிமேல் வம்பே வேண்டாம் என்று தினமும் ‘இல்லை, இல்லை’ என்றே போட்டுக்கொண்டு போவார்கள். அப்படிப் போட்டால் அவர்மேல் தவறு சொல்ல எனக்கு வாய் இல்லை.

முதல் வாரம் முழுக்க ‘இல்லை’ வந்தது. வானமும் தெளிவாக இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாள் லேசான பனி. ஆறு பதினைந்துக்கு எட்டில் ஏழு கிராமங்களின் பதில் வந்துவிட்டது. அவருடையது வரவில்லை. நான் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு இருபத்தெட்டுக்கு வந்தது.

‘தெரியாது. இருந்தால் பக்கம்.’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷீட் சிவப்பானது. பஸ்ஸை நிறுத்தினேன்.

எட்டரைக்கு வயர் பிரிவிலிருந்து புகார் வந்தது. ஒன்பது மணிக்கு மேலாளர் என் மேஜைக்கு வந்து நின்றார். ஒரு வரிசையே நிற்கிறது, அந்தத் தோப்பில் உண்மையிலேயே யானை இருந்ததா என்று கேட்டார்.

“தெரியாது சார்,” என்றேன்.

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டை எடுத்து, ஆறு பேருக்கும் தன் கையாலேயே வருகை போட்டார்.